ஏழு நிமிடப் படமும் அறுபது வருடக் கதையும்

காஸ்ட் அக்கவுண்டிங்கில் எத்தனை மார்க் வரும் என்று கவலைப்பட வேண்டிய நேரத்தில், நான் ஒரு குறும்படக் கதையை வைத்துக்கொண்டு மண்டையைப் பிய்த்துக்கொண்டிருக்கிறேன். கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி ஒன்று. ஏழு நிமிடத்துக்குள் படம் இருக்க வேண்டும். நாங்கள் ஐந்து பேர். எல்லோருமே பி.காம். எங்களில் யாருக்கும் கேமரா பிடிக்கத் தெரியாது, ஒருவனிடம் நல்ல போன் இருக்கிறது, அவ்வளவுதான்.

கல்லூரி வளாகத்தில் ஒரு மாணவிக்கு நடக்கும் பாலியல் வன்முறை பற்றி எடுப்பது என்று முடிவானது. எழுதும் பொறுப்பு எனக்கு. ஒரே ராத்திரியில் உட்கார்ந்து எட்டுப் பக்கம் எழுதிவிட்டேன். பெருமை தாங்கவில்லை. மறுநாள் கோரிப்பாளையம் டீக்கடையில் வைத்து எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். குழுவில் இருக்கும் ஒரே தோழி கடைசிவரை பேசாமல் கேட்டாள். பிறகு பேப்பரை வாங்கி நடுவில் மூன்று பக்கத்தைத் தனியாக எடுத்தாள். அது அந்தச் சம்பவம் நடக்கும் காட்சி.

"இந்த மூணு பக்கத்த யாரு பாக்குறதுக்குடா எழுதியிருக்க?"

என்னிடம் பதில் இல்லை. உண்மையைச் சொன்னால், நான் பார்த்த சினிமாவில் எல்லாம் அப்படித்தான் இருந்தது, அதனால் எழுதினேன். எட்டுப் பக்கத்தில் மூன்று பக்கம் அவனுக்கு, மூன்று பக்கம் பழிவாங்கும் அண்ணனுக்கு. அந்தப் பெண்ணுக்கு மிச்சம் இருந்தது இரண்டே பக்கம், அதிலும் அவள் அழுதுகொண்டேதான் இருந்தாள்.

இதற்கு முன்னால் இந்தக் கதையை நம் ஊரில் யார் யார் எப்படிச் சொல்லியிருக்கிறார்கள் என்று பார்ப்போமே என்று புது நத்தம் சாலையில் இருக்கும் கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் போய் உட்கார்ந்தேன். ஒரு நாள் வேலை என்று நினைத்தேன், மூன்று வாரம் ஆகிவிட்டது. அங்கே படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

1966: ஒரு பஸ் ஸ்டாப், ஒரு மழை

தமிழில் இந்தக் கதைக்கு ஒரு தொடக்கம் உண்டென்றால் அது ஜெயகாந்தன்தான். 1966-ல் ஆனந்த விகடனில் வெளிவந்த 'அக்கினிப் பிரவேசம்' சிறுகதை. பெண்கள் கல்லூரி வாசலில் பஸ் ஸ்டாப், மழை, கடைசியாக நிற்கும் ஒரு மாணவி. காரில் வரும் ஒருவன் ஏற்றிக்கொண்டு போகிறான். அவளுக்கு என்ன நடக்கிறது என்று புரிவதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்கிறாள். அம்மா முதலில் ஆத்திரத்தில் அடிக்கிறாள். பிறகு மகளை உட்கார வைத்துத் தலையில் தண்ணீரை ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். யாரிடமும் சொல்லாதே என்றும் சொல்கிறாள். சீதை நெருப்பில் இறங்கியது போல இவளுக்குத் தண்ணீரே நெருப்பாகிறது. தலைப்பின் அர்த்தம் அதுதான்.

கதை வந்ததும் பெரிய சண்டை. அது எப்படி ஒரு தாய் இப்படிச் செய்யலாம் என்று கேட்டவர்கள் ஏராளம். இன்றைக்குப் படித்தால் நமக்கு ஆச்சரியமாக இருக்கும். காரில் வந்தவனை விட்டுவிட்டு அம்மாவைப் பிடித்துக்கொண்டார்கள்!

ஒரு சின்னத் தகவல். அதே 1966-ல்தான் மதுரைப் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது (காமராசர் பெயர் 1978-ல் சேர்ந்தது). நம் ஊரில் லேடி டோக் 1948-லும், பாத்திமா 1953-லும், மீனாட்சி அரசு கல்லூரி 1965-லும் வந்துவிட்டன. அதாவது வீட்டை விட்டுத் தனியாகப் புறப்பட்டு, பஸ் பிடித்து, புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு கல்லூரிக்குப் போகும் பெண் என்பவள் அப்போதுதான் தமிழ்நாட்டுத் தெருக்களில் பரவலாகத் தெரிய ஆரம்பிக்கிறாள். ஜெயகாந்தன் எழுதியது அந்தப் பெண்ணைப் பற்றி. அந்தப் பஸ் ஸ்டாப் அதனால்தான் எல்லோரையும் உறுத்தியது என்று நினைக்கிறேன்.

அம்மா கத்தியிருந்தால்?

ஜெயகாந்தன் விமர்சகர்களுக்கு விசித்திரமான பதில் ஒன்று சொன்னார். சரி, அந்த அம்மா நீங்கள் சொல்வது போலவே நடந்துகொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஒரு நாவலே எழுதினார். தினமணி கதிரில் 'காலங்கள் மாறும்' என்ற பெயரில் தொடராக வந்து, 1970-ல் 'சில நேரங்களில் சில மனிதர்கள்' என்று புத்தகமானது. 1972-ல் சாகித்ய அகாடமி விருது. இதில் அம்மா கத்துகிறாள். அக்கம்பக்கம் முழுக்கத் தெரிந்துவிடுகிறது. அண்ணன் தங்கையை வீட்டை விட்டு விரட்டுகிறான். கங்கா படித்து நல்ல வேலைக்குப் போகிறாள், ஆனாலும் ஊருக்கு அவள் 'கெட்டுப்போனவள்' மட்டும்தான். படிக்க வைத்த மாமாவே அதைச் சாக்காக வைத்து அவளிடம் தப்பாக நெருங்குகிறார். இந்த இடத்தைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். காப்பாற்றியவர்தான் அடுத்த ஆபத்து என்பதை 1970-லேயே ஒருவர் எழுதியிருக்கிறார்.

1977-ல் ஏ. பீம்சிங் இயக்கத்தில் அது படமாக வந்தது. திரைக்கதை ஜெயகாந்தனே. கங்காவாக நடித்த லட்சுமிக்குச் சிறந்த நடிகைக்கான தேசிய விருது கிடைத்தது. ஸ்ரீகாந்த் அந்தக் காரில் வந்தவர், நாகேஷ் எழுத்தாளர்.

இப்போது இரண்டு கதையையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். (எங்களுக்கு எதையும் பற்று வரவு என்று இரண்டு பக்கமாகப் போட்டால்தான் புரியும்.) ஒன்றில் அம்மா மறைக்கிறாள், பெண் பிழைக்கிறாள். இன்னொன்றில் அம்மா கத்துகிறாள், பெண்ணின் வாழ்க்கை போகிறது. இரண்டிலும் முடிவு அம்மா கையில். இரண்டிலும் போலீஸ் என்ற பேச்சே எழவில்லை. புகார் கொடுக்கலாமா என்று யாரும் யோசிக்கக்கூட இல்லை. கல்லூரிக்குச் சொல்லலாம் என்றும் யாருக்கும் தோன்றவில்லை. வெளியில் தெரிந்தால் அவமானம் அவளுக்குத்தான், அவனுக்கு இல்லை என்பது எல்லோரும் ஒப்புக்கொண்ட விதியாக இருந்திருக்கிறது.

சினிமா அங்கிருந்து முன்னேறியிருக்க வேண்டும். ஆனால் 1989-ல் வந்த பார்த்திபனின் முதல் படமான 'புதிய பாதை'யில் கதாநாயகி தன்னைச் சீரழித்தவனைத் தேடிப் போய் அவனோடு வாழ்ந்து திருத்துகிறாள். நடிப்பும் வசனமும் நன்றாக இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தீர்வைப் பாருங்கள். அது வெறும் சினிமா என்று தள்ளவும் முடியாது. 2015 ஜூனில் சென்னை உயர்நீதிமன்றத்தில், வன்புணர்வு வழக்கில் தண்டிக்கப்பட்ட ஒருவருக்கு, பாதிக்கப்பட்ட பெண்ணோடு சமரசம் பேச வசதியாக ஜாமீன் கொடுக்கப்பட்டது. அடுத்த மாதமே உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில், இந்தக் குற்றத்தில் சமரசம் என்ற பேச்சுக்கே இடமில்லை என்று கண்டிப்பாகச் சொன்னது. அதன் பிறகு அந்த ஜாமீன் உத்தரவு திரும்பப் பெறப்பட்டது.

நான்கு வாத்தியார்கள் எழுதிய கடிதம்

கதை இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது சட்டம் எங்கே இருந்தது?

1972 மார்ச்சில் மகாராஷ்டிரத்தில், சந்திரபூர் மாவட்டத்து போலீஸ் ஸ்டேஷன் ஒன்றில் பழங்குடிச் சிறுமி ஒருத்தி போலீஸ்காரர்களால் வன்கொடுமை செய்யப்பட்டாள். 'மதுரா வழக்கு' என்று பெயர். (முதலில் நான் மதுரை வழக்கு என்று படித்துவிட்டு நம் ஊர்ச் செய்தி என்று நினைத்தேன்.) கீழ்க்கோர்ட்டில் விடுதலை, உயர்நீதிமன்றத்தில் தண்டனை, 1978-ல் உச்ச நீதிமன்றத்தில் மறுபடி விடுதலை. காரணம்? அவள் உடம்பில் காயம் இல்லை, அதனால் அவள் எதிர்த்ததாகத் தெரியவில்லை என்பது.

1979 செப்டம்பரில் உபேந்திர பக்ஷி, லோதிகா சர்க்கார், ரகுநாத் கேல்கர், வசுதா தாகம்வார் என்ற நான்கு சட்டப் பேராசிரியர்கள் தலைமை நீதிபதிக்குத் திறந்த மடல் எழுதினார்கள். பணிந்துபோவதும் சம்மதிப்பதும் ஒன்றா என்பதுதான் அதன் சாரம். நான்கு பேர் எழுதிய ஒரு கடிதம் நாடு முழுக்கப் போராட்டமாக மாறி, 1983-ல் சட்டமே திருத்தப்பட்டது. காவலில் நடக்கும் வன்கொடுமைக்குத் தனிப் பிரிவு வந்தது. அந்த வழக்குகளில் பெண் 'நான் சம்மதிக்கவில்லை' என்று சொன்னால் நீதிமன்றம் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று வந்தது. பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது குற்றம் என்ற 228ஏ பிரிவும் அப்போது வந்ததுதான். இந்தப் பிரிவை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவேன்.

ஆனால் உடலில் எதிர்ப்பு காட்டாததால் மட்டுமே சம்மதம் ஆகிவிடாது என்று சட்டத்தில் தெளிவாக எழுத 2013 வரை ஆனது. தில்லியில் 2012 டிசம்பர் 16 அன்று ஒரு மாணவிக்கு நடந்த கொடூரமும், அதன் பிறகு வர்மா குழு 29 நாளில் கொடுத்த அறிக்கையும் அதற்குத் தேவைப்பட்டன. அந்தத் தீர்ப்பிலிருந்து இந்தத் திருத்தம் வர 35 வருடம்.

இதன் நடுவே சொற்களும் மாறின. அப்பா காலத்துப் பேப்பரில் 'கற்பழிப்பு' என்றுதான் இருக்கும். யோசித்துப் பாருங்கள், அந்தச் சொல்லிலேயே அழிந்தது அவளுடைய ஏதோ ஒன்று என்று தீர்ப்பு எழுதியாகிவிட்டது. இப்போது 'பாலியல் வன்கொடுமை' என்கிறோம், இதில் குற்றம் செய்தவன் மேல் வெளிச்சம் விழுகிறது. இதே மாதிரி 'ஈவ் டீசிங்'. 1998 ஜூலையில் சென்னையில் ஒரு கல்லூரி மாணவி, ஆட்டோவில் வந்த கும்பல் செய்த அட்டகாசத்தில் கீழே விழுந்து தலையில் அடிபட்டு இறந்தார். அந்த மாதமே அவசரச் சட்டம் வந்தது. சட்டத்தின் பெயரிலேயே 'ஈவ் டீசிங்' என்றுதான் இருந்தது. ஒரு உயிர் போன பிறகும் கேலி, கிண்டல்! பின்னாளில் பெண்களுக்குத் துன்பம் விளைவித்தல் என்று பெயரை மாற்றினார்கள்.

கல்லூரிக்குள் சட்டம் வந்த கதை

1997 ஆகஸ்ட் 13, விசாகா தீர்ப்பு. ராஜஸ்தானில் பன்வாரி தேவி என்ற அரசுத் திட்ட ஊழியர், குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போனதற்காக 1992-ல் கூட்டு வன்கொடுமைக்கு ஆளானார். அதிலிருந்து எழுந்த வழக்கில்தான், வேலை செய்யும் ஒவ்வொரு இடத்திலும் புகார்க் குழு வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 2013-ல் அது சட்டமானது. கல்லூரிகளுக்கென்று தனியாகப் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015-ஆம் ஆண்டு விதிமுறைகள் இருக்கின்றன.

எங்கள் வகுப்பில் இருபது பேரிடம் கேட்டேன், ஒருவருக்கும் இது தெரியவில்லை. அதனால் சுருக்கமாக: ஒவ்வொரு கல்லூரியிலும் உள் புகார்க் குழு இருக்க வேண்டும். தலைவர் மூத்த பெண் ஆசிரியர். பாதிப் பேராவது பெண்கள். மாணவர் சம்பந்தப்பட்ட விஷயம் என்றால் தேர்ந்தெடுக்கப்பட்ட மூன்று மாணவர்கள் குழுவில் இருக்க வேண்டும். துணைவேந்தர், பதிவாளர், துறைத்தலைவர் போன்றவர்கள் உறுப்பினராக இருக்கக் கூடாது. சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் புகார் தரலாம், தகுந்த காரணம் இருந்தால் நீட்டிக்கலாம். 90 நாளில் விசாரணை முடிய வேண்டும்.

அமெரிக்காவில் 1986-ல் ஜீன் கிளெரி என்ற மாணவி விடுதி அறையில் கொல்லப்பட்ட பிறகு, பெற்றோர் போராடி 1990-ல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். வளாகத்தில் நடக்கும் குற்றக் கணக்கைக் கல்லூரிகள் வருடா வருடம் வெளியிட வேண்டும். பேலன்ஸ் ஷீட் மாதிரி! கணக்கில் பூஜ்யம் என்று காட்டினால் குற்றமே இல்லை என்று அர்த்தமா, புகாரே வாங்கவில்லை என்று அர்த்தமா என்ற சண்டை அங்கேயும் உண்டு.

நம் பக்கத்தில் நடந்தவை

இனி வருவதெல்லாம் நம் வயதுக்காரர்களுக்கு நினைவில் இருக்கும்.

2018-ல் அருப்புக்கோட்டையில், நம் காமராசர் பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரி ஒன்றின் உதவிப் பேராசிரியை, மேலிடத்து ஆட்களுக்கு 'ஒத்துழைக்க' மாணவிகளைப் போனில் வற்புறுத்தினார். மார்க், பணம் எல்லாம் கிடைக்கும் என்று ஆசை காட்டினார். மாணவிகள் மறுத்தார்கள், பேச்சைப் பதிவும் செய்தார்கள். அந்த ஆடியோ இல்லையென்றால் வழக்கே இல்லை. 2024 ஏப்ரலில் ஸ்ரீவில்லிபுத்தூர் நீதிமன்றம் அவருக்குப் பத்து வருடம் தண்டனை விதித்தது. உடன் குற்றம் சாட்டப்பட்ட இருவர் விடுதலையானார்கள்.

2019-ல் பொள்ளாச்சி. பெண்களை மிரட்டிப் பணிய வைக்க அவர்கள் கையில் இருந்த ஆயுதம் கத்தி இல்லை, செல்போன் கேமரா. ஒரு கல்லூரி மாணவி துணிந்து புகார் கொடுத்தார். அவருடைய சகோதரர் தாக்கப்பட்டார். அதைவிடக் கொடுமை, 228ஏ என்று சட்டம் வந்து 36 வருடம் கழித்து, அந்தப் பெண்ணின் அடையாளம் அரசுத் தரப்பிலிருந்தே வெளியானது. அவருக்கு 25 லட்சம் இழப்பீடு தர உத்தரவிட்டது ஒத்தக்கடை பக்கம் பஸ்ஸில் போகும்போதெல்லாம் நாம் பார்க்கும் நம் மதுரைக் கிளைதான். 2025 மே 13 அன்று ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை. 48 சாட்சிகளில் ஒருவர்கூடப் பிறழவில்லை என்று அரசு வழக்கறிஞர் சொன்னார்.

2024 டிசம்பர் 23 இரவு, சென்னை அண்ணா பல்கலைக்கழகம். வளாகத்துக்குள்ளேயே மாணவி ஒருவர் தாக்கப்பட்டார். இங்கேயும் செல்போனில் படமெடுத்து மிரட்டல். அவர் புகார் கொடுத்தார். கொடுத்த எஃப்.ஐ.ஆர். இணையத்தில் கசிந்து, பெயர், முகவரி எல்லாம் ஊர் முழுக்கச் சுற்றியது. எஃப்.ஐ.ஆர். எழுதப்பட்ட மொழியையும் உயர்நீதிமன்றம் கண்டித்தது. மூன்று பெண் ஐ.பி.எஸ். அதிகாரிகள் கொண்ட விசாரணைக் குழு, மீண்டும் 25 லட்சம் இழப்பீடு. 2025 ஜூன் 2 அன்று குற்றவாளிக்கு 30 வருடத்துக்குக் குறையாத ஆயுள் தண்டனை. ஐந்தே மாதத்தில் தீர்ப்பு வந்தது பெரிய விஷயம்தான். ஆனால் அந்தப் பெண் சொன்ன ரகசியத்தை நாம் காப்பாற்றவில்லை என்பதும் அதே தீர்ப்புக்குப் பக்கத்தில் நிற்கிறது.

ரகசியம் யாருடையது?

இதையெல்லாம் நோட்டில் எழுதி வைத்துப் பார்த்தபோது ஒன்று தெரிந்தது. 1966-லிருந்து இன்றுவரை எல்லாக் கதையிலும் கேள்வி ஒன்றுதான்: இது யாருக்குத் தெரியலாம், யார் முடிவு செய்வது?

மறைப்பதில் இரண்டு வகை இருக்கிறது. 228ஏ சொன்ன ரகசியம் அந்தப் பெண்ணுடையது. அவள் சொல்ல நினைக்கும் இடத்தில் சொல்வாள், அதற்கு மேல் யாரும் பரப்பக் கூடாது. இன்னொரு ரகசியம் வீட்டுடையது, கல்லூரியுடையது. 'பேர் கெட்டுவிடும்' என்ற ரகசியம். முதல் ரகசியத்தை நாம் சுலபமாக உடைக்கிறோம். இரண்டாவதை உயிரைக் கொடுத்துக் காப்பாற்றுகிறோம். தலைகீழாக இருக்க வேண்டியது.

எங்களுக்கே நடந்தது. வளாகத்தில் படமெடுக்க அனுமதி கேட்டுப் போனோம். கதையைக் கேட்ட பெரியவர் நல்லவர்தான், திட்டவில்லை. "தம்பி, நல்ல கருத்து. ஆனா காலேஜுன்னு வேணாம், பஸ் ஸ்டாண்டுன்னு மாத்திக்கங்க" என்றார். நான் சரிங்க சார் என்று தலையாட்டிவிட்டு வந்தேன். வெளியே வந்ததும் தோழி சிரித்தாள். "அறுபது வருசம் கழிச்சு மறுபடி பஸ் ஸ்டாப்புக்கே அனுப்பிட்டாங்க பாத்தியா" என்றாள்.

வரும் வழியில் நோட்டீஸ் போர்டில் உள் புகார்க் குழு பட்டியலைத் தேடினோம். ஸ்போர்ட்ஸ் டே நோட்டீஸுக்குப் பின்னால் இருந்தது. அதில் இருந்த ஒருவர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். மாணவர் பெயர் ஒன்றுகூட இல்லை. அவள் அன்றைக்கே ஒரு மனு எழுதிக் கொடுத்தாள். நான்கு வாத்தியார் கடிதம் படித்த வேகம் என்று கிண்டல் செய்தேன். பத்து நாளில் புதுப் பட்டியல் ஒட்டினார்கள், போன் நம்பரோடு. மாணவர் பெயர் இருக்க வேண்டிய இடம் மட்டும் இன்னும் காலியாக இருக்கிறது. இரண்டாவது மனு ரெடி. இந்த முறை பதினான்கு கையெழுத்து.

மதுரைக்காரன் இந்தக் கட்டுரையைக் கண்ணகி இல்லாமல் முடிக்க முடியாது. ஒரு பெண் அரசவைக்குள் தனியாக நுழைந்து கேள்வி கேட்ட ஊர் என்று நாம் பெருமைப்படுகிறோம், சரி. ஆனால் அவள் நீதி கேட்டது கணவனுக்காக. தனக்கு நடந்ததைத் தானே சொல்லி நீதி கேட்கும் பெண்ணுக்கு நம்மிடம் காப்பியம் இல்லை. அந்த 48 சாட்சிகளும், போனைப் பதிவு செய்த மாணவிகளும்தான் இருக்கிறார்கள்.

கதையைத் திருத்திவிட்டேன். அந்த மூன்று பக்கம் போய்விட்டது. கேமராவே ஆயுதமாக இருந்த வழக்குகளைப் படித்த பிறகு, அதே கேமராவை அந்த அறைக்குள் கொண்டுபோக மனம் வரவில்லை. பழிவாங்கும் அண்ணனும் போய்விட்டான். இப்போது படம் ராத்திரி ஒன்பதரைக்கு விடுதி அறைக் கதவு திறப்பதில் தொடங்குகிறது. உள்ளே அறைத்தோழி ரெக்கார்டு நோட்டு எழுதிக்கொண்டிருக்கிறாள். ஏழு நிமிடமும் அந்த இருவர் மட்டும்தான். அவள் சொல்கிறாள், இவள் கேட்கிறாள். தண்ணீர் ஊற்றவில்லை, கத்தவுமில்லை. கடைசியில் அறைத்தோழி ஒரே ஒரு கேள்வி கேட்கிறாள்: "யார்கிட்ட சொல்லணும்னு நீ நினைக்கிற?"

வளாகம் கிடைக்காததால் ஒரு நண்பனின் வீட்டு மாடி அறையை விடுதியாக மாற்றுகிறோம். அவன் அம்மாவிடம் கதையைச் சொன்னோம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எங்க காலத்துல அந்தக் கேள்விய கேக்க ஆளில்லப்பா" என்று சொல்லிவிட்டு டீ போடப் போய்விட்டார். நாங்கள் ஐந்து பேரும் எதுவும் கேட்கவில்லை.

பி.கு.: பெண்கள் உதவி எண் 181. உங்கள் கல்லூரியில் அந்தப் பட்டியல் எந்த நோட்டீஸுக்குப் பின்னால் இருக்கிறது என்று நாளைக்குப் போய்ப் பாருங்கள்.